எட்டுச் சொட்டு

காலை ஆறு மணிக்கு அபயாம்பாளின் அடுக்களையில் இரண்டு வாசனைகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒன்று பில்டரில் இறங்கும் டிகாக்‌ஷன். இன்னொன்றை வாசனை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். அது அவளுடைய சிறுநீர் கண்ணாடிக் குழாயில் கொதிக்கிற நாற்றம்.

கொதிக்க வைப்பவர் அவள் கணவர் ராகவேந்திரன். கல்லூரியில் முப்பத்துமூன்று வருஷம் ரசாயனம் நடத்தி ஓய்வு பெற்றவர். ராஜா அண்ணாமலைபுரத்தில் இரண்டாம் மாடி வீடு, கைநிறைய பென்ஷன், வாய்நிறைய உபதேசம். அமாவாசையன்று வெங்காயத்தை வாசல்படி தாண்ட விடமாட்டார். அப்பேர்ப்பட்ட ஆசாரக்காரர், பெனடிக்ட் கரைசல் என்கிற நீல மருந்தை ஐந்து மில்லி எடுத்து, அதில் பெண்டாட்டியின் மூத்திரத்தை எட்டுச் சொட்டு விட்டு, குழாயை இடுக்கியில் பிடித்து, காஸ் அடுப்பில் காட்டுவார். முதலில் ஸ்பிரிட் விளக்கு வைத்திருந்தார். அதன் திரி கருகிப்போனதும் புதுத் திரி போடச் சோம்பல்பட்டு அடுக்களைக்குக் குடிவந்துவிட்டார். பெரிய பர்னரில் பால், சின்ன பர்னரில் இது.

"கண்றாவி. பால் பொங்கற இடத்துலயா?" என்று முதல் நாளே அபயாம்பாள் கேட்டாள்.

"அக்னிக்கு ஏதுடி தோஷம்?" என்றார். கேள்வி அதோடு தீர்ந்தது.

நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்று போகப்போக ஆபத்து. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் அன்றைக்கு அவள் இட்லி சாப்பிடலாமா, கோதுமை ரவை உப்புமாதானா என்று தீர்ப்பாகும். தீர்ப்புச் சொன்ன கையோடு, அந்தக் கையை அலம்பாமலே, காப்பி டம்ளரை எடுத்து ஆற்றிக்கொள்வார். அபயாம்பாள் அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மயிலாப்பூர் லஸ் முனை டாக்டர் சர்க்கரை வியாதி என்று சொல்லி நாலு வருஷம் ஆகிறது. தினம் அரை மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, தட்டில் கீரையும் காயும் நிறைய, சாதம் குறைய என்று சொல்லி அனுப்பினார். அவளும் ஒழுங்காகத்தான் இருந்தாள். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பாகற்காய், ஒரு கொய்யாத் துண்டு. குழாயும் நீலத்துக்கும் இளம்பச்சைக்கும் நடுவில் சமர்த்தாக இருந்தது.

தொண்ணூற்றாறு ஆடி மாதம் பிள்ளை பரத்வாஜ் நியூஜெர்சியிலிருந்து ஒரு வார லீவில் வந்தான். அவன் பெட்டியில் பாதி மாத்திரை பாட்டில்கள். வைட்டமின் சி ஆயிரம் மில்லிகிராம், குரோமியம், துத்தநாகம், மக்னீசியம், பி காம்ப்ளெக்ஸ். ராகவேந்திரனுக்கு அதைப் பார்த்ததும் கண்ணில் ஜலமே வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடிகள் இருந்த இடத்தில் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி, லேபிளைப் பாராயணம் பண்ண ஆரம்பித்தார்.

"குரோமியம் இல்லேன்னா இன்சுலினுக்கு வேலையே ஓடாது, தெரியுமோ? துத்தநாகம் இல்லேன்னா இன்சுலினை உடம்பு சேத்து வெச்சுக்க முடியாது. வைட்டமின் சி ரத்தக் குழாயைக் காப்பாத்தும். கீரை கீரைன்னு அடிச்சுக்கறியே, அதுல இருக்கற மக்னீசியம் அத்தனையும் இதோ, ஒரே மாத்திரை. சாக்கடைத் தண்ணில வளர்ற கீரை இனிமே எதுக்கு?"

அவர் சொன்னதில் பொய் கொஞ்சம்தான். அரைகுறை உண்மை பொய்யைவிடப் பொல்லாதது என்பதுதான் சங்கடம். அன்றோடு கீரை நின்றது. கொய்யா நின்றது. நெல்லிக்காய் கேட்டதற்கு, "அதுல இருக்கற சி தானே இதுலயும் இருக்கு" என்றார். தட்டில் மிஞ்சியது மூன்று சப்பாத்தியும் பாசிப்பருப்பும். காலையிலும் ராத்திரியும் வைட்டமின் சி ஒன்று ஒன்று. தனக்கு வியாதி வராமல் இருக்க வேண்டுமென்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி போட்டுக்கொள்வார். பிறகு அவளிடம், "நாக்கைத் தூக்கு" என்பார். அறுபது வயதுப் பெண்பிள்ளை வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

பத்து நாளில் குழாய் மஞ்சளாயிற்று. அடுத்த வாரம் ஆரஞ்சு.

"அபயம், இங்கே வா." குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி கூப்பிட்டார். "ராத்திரி என்ன தின்னே?"

"மூணு சப்பாத்தி. நீங்கதானே எண்ணி வெச்சேள்."

"அதுக்கப்புறம்?"

"படுத்துண்டேன்."

"மனுஷா பொய் சொல்லுவா அபயம். காப்பர் பொய் சொல்லாது. இந்த நீலத்துல இருக்கறது காப்பர். முப்பத்துமூணு வருஷமா எனக்கு அது சிநேகிதம்."

இத்தனை மாத்திரை கொடுத்தும் நிறம் ஏறுகிறது என்றால் அவள் எவ்வளவு திருடித் தின்ன வேண்டும் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில் அவள் எக்கச்சக்கமான திருடி. சாமான் அலமாரிக்குப் பூட்டு வந்தது. சாவி அவர் பூணூலில் ஏறியது. சர்க்கரை டப்பாவில் பென்சிலால் கோடு போட்டு வைத்தார். கோடு ஒரு நூல்கூட இறங்கவில்லை. இறங்காததைப் பார்த்து, "ஓ, அக்கம்பக்கத்தாத்துல வாங்கித் தின்னறயோ" என்றார். தூங்கப் போகுமுன் அவள் முகத்துக்கு நேரே மூக்கைக் கொண்டுவந்து, "ஊது" என்பார். அவர் மூச்சு அவள் முகத்தில் படும். முப்பத்தெட்டு வருஷம் பழகிய மூச்சுதான். இப்போது அது பட்டாலே முந்தானையால் துடைத்துக்கொள்ளத் தோன்றியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ராகவேந்திரனுக்கு ப்ராஸ்டேட் வீக்கம். ராத்திரியில் ஐந்து தடவை எழுந்திருக்க முடியாது என்று கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தார். விடிகாலையில் அது முக்கால்வாசி நிறைந்து நிற்கும். எடுத்துப் போய்க் கொட்டி, பினாயில் விட்டுக் கழுவி, கவிழ்த்து வைப்பது அபயாம்பாளின் வேலை. மூன்று வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாமல் செய்துவந்தாள். அவளுடையது எட்டுச் சொட்டு. அதற்கு இவ்வளவு கொட்டு முழக்கம்.

ஆவணியில் பெண் மாளவிகாவுக்கு வளைகாப்பு. அடையாறில் சம்பந்தி வீட்டில் நடந்தது. பந்தியில் சம்பந்தி மாமி லட்டுத் தட்டோடு வந்தாள். அபயாம்பாள் தானாகவே கையை மறைத்து, "எனக்கு வேண்டாம்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். எதிர்ப் பந்தியிலிருந்து ராகவேந்திரன் கல்லூரி ஹால் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னார்.

"போடாதீங்கோ மாமி! எல்லார் எதிர்லயும் வேண்டாம்னு சொல்லுவா. ஆத்துல திருட்டுத்தனமா தின்னுண்டிருக்கா. தினம் நான்னா டெஸ்ட் பண்ணிப் பாக்கறேன்!"

பெண்கள் சிரித்தார்கள். விகல்பமான சிரிப்பு இல்லை. கல்யாண வீட்டுச் சிரிப்புதான். ஆனாலும் அபயாம்பாள் பாதி ரசம் சாதத்தோடு இலையை மடித்துவிட்டு எழுந்தாள். கை அலம்பப் போன இடத்தில் மாளவிகா பின்னாலேயே வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல்.

"அம்மா, நிஜத்தைச் சொல்லு. எடுத்துத் திங்கறியா?"

"இல்லைடி."

"அப்பா டெஸ்ட் பண்ணித்தானேம்மா சொல்றார்?"

அபயாம்பாள் தண்ணீர்க் குழாயைத் திறந்து கையை அலம்பினாள். சொன்ன பதில் போதாதென்றால் வேறு என்ன சொல்வது? நாலாம் நாள் சம்பந்தி மாமி போன் பண்ணினாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் வழக்கம், ஆனால் உங்கள் உடம்பே உங்கள் கட்டுப்பாட்டில் இல்லையாமே, பச்சைக் குழந்தையையும் பெற்றவளையும் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள், மாளவிகா இங்கேயே இருக்கட்டும் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். போனை வைத்ததும் அபயாம்பாள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். லட்டுப் போனால் போகட்டும். பேரக்குழந்தைக்கு முதல் எண்ணெய்க்குளி தன் மடியில் இல்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

ராகவேந்திரன் தாங்கிக்கொண்டார். "பாத்தியா, நாக்கை அடக்கியிருந்தா இது வருமா?" என்றவர், அரை சர்க்கரை மாத்திரையை ஒன்றாக்கினார். நிறம் இறங்காததால் புரட்டாசியில் காலை ஒன்று, ராத்திரி ஒன்று ஆக்கினார். டாக்டரைக் கேட்கலாமே என்றாள். "அவன் மூணு மாசத்துக்கு ஒருநாள் பாக்கறான். நான் தினம் பாக்கறேன்" என்றார். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஐப்பசி முதல் செவ்வாய்க்கிழமை, பூவும் தேங்காயும் வாங்க மயிலாப்பூர் குளத்தங்கரைக்குப் போனாள். குளத்து மதிலோரம் சாக்கை விரித்துக் கீரை விற்கும் முனியம்மாள் பதினைந்து வருஷப் பழக்கம்.

"இன்னாம்மா, ரெண்டு மூணு மாசமா இந்தாண்ட தலயே காட்டல? கீரை கசந்து பூட்ச்சா?"

"ஆத்துல வேண்டாங்கறார். மாத்திரையிலேயே எல்லாம் இருக்காம்."

"கீரை துன்னா சக்கரை ஏறும்னு எந்தக் கம்னாட்டி சொன்னான்?" என்றவள் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டாள். "இன்னாம்மா இது, மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்திக்கினு கீது?"

அபயாம்பாளுக்குக் கை நடுங்கியது. குளம் இருண்டது. முனியம்மாள் தாவி வந்து பிடித்திராவிட்டால் கீரைக்கட்டுகள் மேலேயே விழுந்திருப்பாள். எதிர் டீக்கடையிலிருந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வந்தது. வேண்டாம் என்று தலையாட்டினாள். முனியம்மாள் விடவில்லை, தாடையைப் பிடித்துப் புகட்டினாள்.

"குடி சொல்றேன். சக்கரை கம்மியா பூட்ச்சு உனுக்கு. எங்கூட்டுக்காரரும் இப்டித்தான் வியுவாரு."

கால்மணியில் குளம் பழையபடி வெளிச்சமாயிற்று. நடுக்கம் நின்றது. டம்ளரின் அடியில் கரையாத சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். உடம்பு பூரா சர்க்கரை வழிகிறது என்று ஒருத்தர் தினம் காலையில் சத்தியம் பண்ணுகிறார். வழிகிற உடம்புக்கு ஒரு டம்ளர் டீயின் சர்க்கரை எப்படி உயிர் கொடுக்கும்? அவள் ரசாயனம் படிக்கவில்லை. ஆனால் நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினால் வெளியேதான் கொட்டும் என்று தெரியும்.

முனியம்மாள் வழி சொன்னாள். மறுநாள் காலை, ஆரஞ்சுத் தீர்ப்பும் வசவும் முடிந்த பிறகு, கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு பக்கத்துச் சந்திலிருந்த ரத்தப் பரிசோதனைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அன்வர் பாஷாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரம் உட்கார வைத்து, சீட்டை நீட்டினார். சர்க்கரை எழுபத்தெட்டு, ஏறவே இல்லை.

"இன்னிக்குக் காலம்பற எங்காத்துல பாத்தா ஆரஞ்சு" என்றாள் அபயாம்பாள்.

"ஒண்ணுக்குலயா? பெனடிக்ட்டா? இருக்காதும்மா. வேற இன்னா மாத்திர சாப்புடுறீங்க?"

சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு வேளையும் ஆயிரம் ஆயிரமா வைட்டமின் சியா? ஒடம்புக்கு வேண்டியது போக மீதியெல்லாம் ஒண்ணுக்குலதாம்மா வரும். அந்த நீலத் தண்ணிக்கு சக்கரன்னு தனியா அடையாளம் தெரியாது. செம்பைக் கலைக்கிறது எது வந்தாலும் நெறம் மாறிடும். சக்கரையும் கலைக்கும், வைட்டமின் சியும் கலைக்கும். நாங்க கோர்ஸ்ல மொத மாசம் படிச்சது இது. ஊட்ல யாரு பாக்குறது?"

"எங்காத்துக்காரர். கெமிஸ்ட்ரி புரொபசர்."

அன்வர் பாஷா கொஞ்ச நேரம் ஊசிப் பெட்டியை அடுக்கினார். "பெரியவங்க... மறந்துருப்பாங்க" என்றார். "ஆனா அதைப் பாத்துக்கினு சக்கர மாத்திரய ஏத்தாதீங்கம்மா. ஒருநாள் தூக்கத்துலயே உசுரு பூடும்."

சீட்டைக் கொண்டுபோய்க் கணவரிடம் நீட்டினாள். விவரத்தையும் சொன்னாள். பாதியிலேயே கையை உயர்த்திவிட்டார். சந்துக்கடை லேப், ஊசியைக் கழுவினானோ இல்லையோ, எனக்கு ஒரு பாஷா வந்து பெனடிக்ட் டெஸ்ட் சொல்லித்தர வேண்டுமா என்றார். சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். "எப்போலேர்ந்துடி நீ ஆத்தைத் தாண்டி வேவு பாக்க ஆரம்பிச்சே?"

கிழிந்த சீட்டைப் பார்த்தபோது அபயாம்பாளுக்கு அழுகை வரவில்லை. முதல் தடவையாக அப்பட்டமான அருவருப்பு வந்தது. குழாயின் மேல் வந்ததைவிட, நாற்றத்தின் மேல் வந்ததைவிட அதிகமாக, அந்த மனுஷர் மேல் வந்தது. வந்ததும் மனசு தெளிந்துவிட்டது.

அன்று ராத்திரியிலிருந்து வைட்டமின் மாத்திரையைக் கன்னத்துக்குள் மேலே ஒதுக்கிக்கொண்டாள். நாக்கைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள். நாக்குக்கடியில் ஒன்றும் இல்லை. அவருக்கு அது போதும். மாத்திரை துளசித்தொட்டிக்குப் போயிற்று. கூடுதலாக ஏற்றிய சர்க்கரை மாத்திரையும் அதே வழியே போயிற்று. லஸ் டாக்டர் எழுதின அரையை மட்டும் விழுங்கினாள். அதே சமயம், காலையில் கட்டிலடிப் பாட்டிலைக் கொட்டுமுன் அதிலிருந்து கொஞ்சத்தைத் தன் சாம்பிள் கிண்ணத்தில் ஊற்றி அடுக்களையில் வைத்தாள்.

முதல் நாள் ஆரஞ்சு. "வெக்கங்கெட்ட ஜன்மம்" என்றார். இரண்டாம் நாளும் ஆரஞ்சு. "நாய்க்கு இருக்கற கட்டுப்பாடுகூட உனக்குக் கிடையாது" என்றார். மூன்றாம் நாளும் அப்படியே. தன் மூத்திரத்தையே அடுப்பில் காய்ச்சி, தன்னையே அவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வதை அபயாம்பாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். சிரிப்பு வரவில்லை. இப்படி ஒரு வேலையைச் செய்கிற நிலைக்கு வந்தோமே என்று தன்மேலும் கொஞ்சம் கசப்பு இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை மாளவிகா வருவதாக இருந்தது. அதுவரை பொறுக்க வேண்டும்.

மாளவிகா எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிரசவம் அடையாறில்தான் என்பதை நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை திரும்பிப் போக உத்தேசம். ஞாயிறு காலை காப்பிக்காக அடுக்களை ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். ராகவேந்திரனுக்குப் பார்வையாளர் கிடைத்த உற்சாகம். வகுப்பு எடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சொட்டு விட்டார். பெரிய பர்னரில் பால், சின்ன பர்னரில் குழாய். நீலம் கலங்கி, பச்சை தாண்டி, மஞ்சள் தாண்டி, நல்ல கெட்டி ஆரஞ்சில் நின்றது.

"பாரு மாளு, உங்கம்மா லட்சணத்தை! பிரசவத்துக்கு இவளை நம்பி உன்னை விடறதாம்." அபயாம்பாள் பக்கம் திரும்பினார். "சொல்லு, மாளு எதிர்லயே சொல்லு. ராத்திரி எதைத் திருடித் தின்னே?"

"அது என்னோடது இல்லை" என்றாள் அபயாம்பாள்.

"பின்னே யாரோடதாம்?"

"உங்களோடது. உங்க கட்டிலுக்கடியில இருந்த பாட்டில்லேர்ந்து விட்டேன். இன்னிக்கு மட்டும் இல்லை, நாலு நாளா. நீங்க சொல்லுங்கோ. ராத்திரி எதைத் திருடித் தின்னேள்?"

பால் பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. ராகவேந்திரன் கையில் குழாயோடு நின்றார்.

"ரீஏஜெண்ட் கெட்டுப்போயிருக்கு" என்றார் கடைசியில். "பழைய பாட்டில்."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவளுக்கு ஆரஞ்சானால் திருடி. அவருக்கு ஆரஞ்சானால் மருந்து கெட்டுப்போய்விட்டது. அபயாம்பாள் பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கடியிலிருந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்தாள்.

"இது என்னோடது. விட்டமின் மாத்திரையை முழுங்கி நாலு நாளாச்சு. மருந்து அதே மருந்துதான்."

அவர் தொடவில்லை. அவளே வேறு குழாயை எடுத்தாள். ஐந்து மில்லி நீலம். எட்டுச் சொட்டு. தினம் பார்த்துப் பார்த்துக் கைக்குத் தெரிந்திருந்தது. மாளவிகா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். கொதித்தது. இன்னும் கொதித்தது. நீலம் நீலமாகவே இருந்தது. அடியில் மட்டும் இளம்பச்சையாக ஒரு கோடு.

"காப்பர் பொய் சொல்லாதுன்னேளே" என்றாள் அபயாம்பாள்.

இந்த இடத்தில் வேறு மனுஷராக இருந்தால் தலையைக் குனிந்திருப்பார். குறைந்தபட்சம் வாசல் பக்கமாவது போயிருப்பார். ராகவேந்திரன் இரண்டு குழாய்களையும் வாங்கி ஜன்னலில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"அஸ்கார்பிக் ஆசிட்! வைட்டமின் சி!" என்றார். "ஆமா! ரெட்யூசிங் ஏஜெண்ட்! அடடா, அடடா! நானே ஒவ்வொரு வருஷமும் பரீட்சைல கேட்டிருக்கேனே இதை! மாளு, ரொம்ப இன்டரஸ்டிங்கா இருக்கு பாரு!"

பேனா தேடிக்கொண்டு கூடத்துக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் போனில் அவர் குரல் கேட்டது. கூட வேலைபார்த்து ஓய்வு பெற்ற சங்கரனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சங்கரா, ஒரு பிரமாதமான விஷயம்டா. மூணு மாசமா ஆத்துக்காரிய வெச்சு ஒரு எக்ஸ்பெரிமெண்ட் பண்ணினேன். கடைசில என்னையே கண்ட்ரோலா வெச்சுண்டுட்டேன்னா பாத்துக்கோயேன்! பேப்பருக்கு லெட்டர் எழுதப் போறேன். எத்தனை ஜனங்களுக்கு உபகாரமா இருக்கும்!"

அபயாம்பாள் அடுப்பில் வழிந்த பாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்பெரிமெண்ட் என்ற வார்த்தையில் கை நின்றது. திருடி என்றபோதுகூட இவ்வளவு சுடவில்லை. திருடியாவது ஒரு மனுஷி.

"சாரிம்மா" என்றாள் மாளவிகா. கண் கலங்கியிருந்தது.

"நீ கேட்டது தப்பில்லைடி. இல்லைன்னு சொன்னேனே, அதை நம்பலை பாரு, அதுதான் வலிச்சுது."

மாளவிகா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூடத்துக்குப் போய், அப்பா கையிலிருந்து போனை வாங்கி, அடையாறுக்குப் பேசினாள். அம்மா உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கெட்டுப்போனது டெஸ்ட்தான், பிரசவம் முடியும்வரை இங்கேதான் இருக்கப்போகிறேன், துணிமணியை அனுப்பிவிடுங்கள் என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "இல்லை, நான் என் கண்ணால பாத்தேன்" என்று மட்டும் பதில் சொன்னாள்.

மத்தியானம் ராகவேந்திரன் மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அபயாம்பாள் போய் அவர் பூணூலில் இருந்த சாவியை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் நெம்ப வேண்டியிருந்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒரு ஈ உட்கார்ந்ததுபோலத் தோளை மட்டும் அசைத்துக்கொண்டார். அலமாரியைத் திறந்தால் சம்பந்தி வீட்டில் கொடுத்தனுப்பிய வளைகாப்பு லட்டு டப்பா. அவளிடமிருந்து காப்பாற்றிப் பூட்டி வைத்தது. உள்ளே அத்தனை லட்டும் பச்சையாகப் பூஞ்சை பூத்து, எறும்பு மொய்த்து, வாடை தாங்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு டப்பாவோடு கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டாள். டெஸ்ட் குழாய்களும் இடுக்கியும் அதன் கூடவே போயின. சாயங்காலம் முனியம்மாளிடமிருந்து இரண்டு கட்டு அரைக்கீரையும் கால் கிலோ நெல்லிக்காயும் வந்தன. சின்ன பர்னரைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்தாள்.

மறுநாள் காலை ஆறு மணி. அடுக்களையில் டிகாக்‌ஷன் வாசனை மட்டும் இருந்தது. மாளவிகா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அபயம்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பாட்டில் அப்படியே இருக்கே!"

அபயாம்பாள் பாலை இறக்கினாள்.

"அபயம்! நிரம்பிக் கிடக்கு, நாறறது!"

மாளவிகா எழுந்திருக்கப் போனாள். அபயாம்பாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு இருந்த இடத்திலிருந்தே, சத்தம் போடாமல், தெளிவாகச் சொன்னாள்.

"உங்களோடதை நீங்களே கொட்டுங்கோ. பினாயில் கதவுக்குப் பின்னாடி இருக்கு."

அபயாம்பாள் காப்பியைக் கலந்து டம்ளரில் விட்டாள். பிறகு கட்டில் முனகியது. செருப்பு தரையில் தேய்ந்தது. குளியலறைக் கதவு, கொட்டுகிற சத்தம், செயின் இழுக்கிற சத்தம். அபயாம்பாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குழாய் திறக்கிற சத்தம் வரவில்லை. ராகவேந்திரன் நேரே அடுக்களை வாசலுக்கு வந்து, வழக்கம்போல, டம்ளருக்குக் கையை நீட்டினார்.

சீ என்றிருந்தது அவளுக்கு. டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அக்னிக்குத்தான் தோஷம் கிடையாது" என்றாள். "கையை அலம்பிண்டு வாங்கோ."

அவர் நீட்டின கையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். அப்புறம் போய் அலம்பினார்.